ஜாக் பிளேட்: ஹைட்ரோலிக்கா, கையால் திருகுவதா?

ஜாக் பிளேட் என்பது படகின் பின்பலகைக்கும் எஞ்சினுக்கும் இடையில் பூட்டி, எஞ்சினை ஏற்றி இறக்குகிற சட்டகம். சுவிட்சை அமத்தினால் எண்ணெய்ப் பம்பால் உயர்கிற ஹைட்ரோலிக் ஜாக் பிளேட் நல்ல சாமான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் காசை எண்ணிக் கொடுக்க முன்னர் மூன்று விஷயத்தைப் பாருங்கள். படகில் பற்றரி இருக்கிறதா? எஞ்சினைக் கைபிடியால் திருப்புகிறீர்களா, ஸ்டியரிங்கால் திருப்புகிறீர்களா? ஒரே ஓட்டத்துக்குள் ஆழத் தண்ணீரும் அடிதட்டும் தண்ணீரும் மாறி மாறி வருகிறதா? பற்றரியும் ஸ்டியரிங்கும் இருந்து, ஆழமும் மாறுகிறது என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு போல்டைத் திருகி உயர்த்துகிற சாதாரண பிளேட்டே காணும். மிச்சக் காசுக்கு நல்ல புரொப்பெல்லர் ஒன்று வாங்கலாம்.

முழங்காவில் பக்கம் எஞ்சின் திருத்துவது என் தொழில். நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைமாதாநகர்ப் பைபர் படகுகளின் எஞ்சின்கள்தான் கொட்டிலுக்கு வருகிறவை. 15, 25, 40 குதிரைவலு யமஹாவும் சுசுகியும் அதிகம், மண்ணெண்ணெயில் ஓடுகிறவையும் உண்டு. இந்தப் பக்கத்தில் ஜாக் பிளேட் என்ற பெயரைக் கேட்டவர்களே குறைவு. எனக்கும் அது கனடாவில் இருக்கிற மச்சான் மூலம் வந்த வியாதிதான். ஸ்காபரோவில் இருக்கிறான். பழைய பாஸ் போட் ஒன்றை வாங்கினான். 18 அடி, பின்னால் 150 குதிரைவலு எஞ்சின். கோடை வந்தால் ரைஸ் லேக்கில் கிடப்பான்.

பாஸ் என்றதும் நம்முடைய கொடுவா என்று நினைக்க வேண்டாம். இது வட அமெரிக்க ஏரிகளில் புல்லுக்கும் கட்டைக்கும் இடையில் பதுங்கி நிற்கிற நன்னீர் மீன். தூண்டிலில் பிடித்து, படம் எடுத்து, பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுவார்கள். இதை என் அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இன்னும் முடியவில்லை. அந்த மீனுக்காகவே செய்த படகுதான் பாஸ் போட். தட்டையான, தாழ்வான உடம்பு. படகின் நிறைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய எஞ்சின். வேகமாகப் பறந்துபோய் முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் முழு நோக்கம். ஜாக் பிளேட் அங்கே சாதாரண சாமானாகப் போனதற்குக் காரணமும் இந்த இரட்டை வேலைதான்.

பிளேட் செய்கிற வேலை இதுதான். எஞ்சினை நேரே படகின் பின்பலகையில் கொழுவாமல், இடையில் அலுமினியத்தால் ஆன ஒரு சட்டகம் வைக்கிறோம். ஒரு பாதி படகில் பூட்டி அசையாமல் நிற்கும். மறு பாதியில் எஞ்சின் தொங்கும், அந்தப் பாதி மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போகும். கையால் திருகுகிறதில் ஒரு பெரிய போல்ட் அதை உயர்த்தும். பிறகு பக்கத்து நட்டுகளை இறுக்கிவிட்டால் அந்த உயரத்தில்தான் நிற்கும். ஹைட்ரோலிக்கில் பற்றரியில் ஓடும் சின்னப் பம்பு எண்ணெயைத் தள்ளும், தண்டு நீளும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உயரும். பெரும்பாலானவை 5 அல்லது 6 அங்குலம் உயர்த்தும்.

“அதுக்குத்தானே டில்ட் இருக்கு” என்று கொட்டிலுக்கு வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். டில்ட் செய்தால் எஞ்சின் சரிகிறது. புரொப்பெல்லர் வானத்தைப் பார்க்கத் தொடங்கும், தண்ணீரைப் பின்னாலும் மேலேயும் எறியும். எறிகிற எதிர்வேகத்தில் படகின் பின்பக்கம் கீழே அமரும், அணியம், அதாவது முன்பக்கம், தூக்கும். அடிதட்டுகிற இடத்தில் பின்பக்கம் இன்னும் அமர்ந்தால் என்ன லாபம்? பிளேட் எஞ்சினைச் சரிக்காமல் நிமிர்ந்தபடியே தூக்குகிறது. தள்ளுவிசை மட்டமாகவே இருக்கும், ஆனால் புரொப்பெல்லர் நிலத்திலிருந்து நாலு, ஐந்து அங்குலம் மேலே வந்துவிடும். வத்து நேரத்தில் நாச்சிக்குடாக் கரையில் மரக்கோல் தாங்கி வந்தவர்களுக்கு அந்த ஐந்து அங்குலத்தின் பெறுமதி தெரியும்.

இரண்டாவது விஷயம் செட்பேக். எஞ்சின் பின்பலகையிலிருந்து எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்ற அளவு. 4 அங்குலத்தில் தொடங்கி 12 வரை விற்கிறார்கள். படகு வேகமாக ஓடும்போது பின்பலகைக்கு உடனே பின்னால் தண்ணீரில் ஒரு பள்ளம் விழும், கொஞ்சம் தள்ளி அது மேலெழும். எஞ்சின் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த எழுந்த தண்ணீருக்குள் புரொப்பெல்லர் வேலை செய்யும், அதனால் இன்னும் உயர்த்தலாம். பத்துப் பன்னிரண்டு அங்குலம் பின்னால் போனால் ஒரு அங்குலம் உயர்த்தலாம் என்பது அங்கத்தைய பொதுக்கணக்கு. உயர்த்திய அளவுக்கு எஞ்சினின் கால், அதாவது தண்ணீருக்குள் நிற்கிற கீழ்ப்பகுதி, தண்ணீரில் இழுபடுவது குறையும், வேகம் கூடும்.

ஹைட்ரோலிக் பிளேட் வாங்கப் போனபோது மச்சான் 12 அங்குலச் செட்பேக்தான் வேண்டும் என்று நின்றான். ஏரிக்கரையில் யாரோ சொல்லிவிட்டார்களாம். வீடியோவில் படகின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். பழைய படகு, அதில் ஏற்கெனவே யாரோ பூட்டிவிட்ட 6 அங்குலக் கையால் திருகும் பிளேட், எஞ்சின் மட்டும் 200 கிலோவைத் தாண்டும்.

“மச்சான், உந்தப் பாரம் ஒரு முழத்துக்கு அங்கால போனா பின்பலகை என்னத்துக்கு ஆகும்?” என்றேன்.

“எல்லாரும் போடுறாங்களடா.”

“எல்லாற்ற படகும் புதுசு. உன்ரை எத்தினையாம் ஆண்டு?”

கடைசியில் 8 அங்குலத்தில் நின்றான். பாஸ் போட்களுக்கு 8, 10, 12 மூன்றும் வழக்கமான அளவுகள்தான். புதிய, நீளமான, 250 குதிரைவலுக் காரர்களுக்கு 10 அல்லது 12 சரி. 18 அடிப் பழைய உடம்புக்கு 8 நிறைவு. கூடப் பின்னால் போனால் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்பாரம் கூடி, அணியம் தூக்கித் தூக்கி விழுந்து, தவளை தத்துகிற மாதிரிப் படகு ஓடத் தொடங்கும். நின்ற இடத்தில் பின்பக்கம் தாழ்ந்தும் இருக்கும்.

கொம்பனிகளைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் அதிகம் பேர் சொல்கிற பெயர்கள் அட்லஸ், சீஎம்சி, பொப்ஸ் மெஷின். அட்லஸை அலபாமாவில் இருக்கிற டீ-எச் மரைன் செய்கிறது. அட்லஸிலும் சீஎம்சியிலும் பம்பும் மோட்டரும் எண்ணெயும் பிளேட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். பூட்டுவது லேசு, வயரை மட்டும் உள்ளே கொண்டுபோனால் போதும். புளோரிடாவின் பொப்ஸ் ஹைட்ரோலிக்கில் பம்பு தனியாக, படகின் உள்ளே காய்ந்த இடத்தில் நிற்கும். குழாய்தான் பிளேட்டுக்குப் போகும். நன்னீர் ஏரிக்கு இரண்டில் எதுவானாலும் பரவாயில்லை. உப்புத் தண்ணீருக்கு என்றால் என் கை பம்பு தனியாக இருக்கிறதன் பக்கம்தான் போகும். மோட்டர் என்பது செம்புச் சுருளும் கார்பன் பிறஸ்சும். அதைக் கடல் தெறிக்கிற இடத்தில் வைத்து, சீல் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க எனக்கு மனம் வராது. ஆனால் மச்சானுக்கு அடங்கிய வகையைத்தான் சொன்னேன். அவனுடைய படகில் உள்ளே இடமில்லை, அவனுடைய ஏரியில் உப்பும் இல்லை.

அவனுக்கு அது அருமையாக வேலை செய்கிறது. ரைஸ் லேக் ஆழம் குறைந்த, புல் நிறைந்த ஏரி. ஒரு காலத்தில் ஏரியைக் கடந்து போன பழைய ரயில் பாதையின் மிச்சம் இன்னும் தண்ணீருக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது. வரைபடம் பார்க்காமல் ஓடினால் எஞ்சினின் கால் போய்விடும். நடு ஏரியில் ஓடும்போது எஞ்சினை உயர்த்தி வேகம் எடுக்கிறான். புறப்படும்போது கீழே இறக்கினால் புரொப்பெல்லர் நன்றாகக் கடித்துப் படகைச் சட்டென்று மேலே கிளப்புகிறது. புல்லுக்குள் போகும்போது மறுபடி மேலே. எல்லாம் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற, காரின் சிக்னல் கம்பி போன்ற சின்னக் கம்பியால். கையை எடுக்கவே தேவையில்லை. இந்தக் கம்பி தனியாக விற்கிறது, ஆனால் ஹைட்ரோலிக் வாங்குகிறவர் இதையும் சேர்த்தே வாங்க வேண்டும். காலால் மிதிக்கிற சுவிட்சும் இருக்கிறது. டாஷ்போர்டில் பூட்டுகிற சாதாரண சுவிட்ச் எனக்குப் பிடிக்கவில்லை. அலையில் ஓடும்போது கை அதைத் தேடக் கூடாது.

அவன் கழற்றிய 6 அங்குலக் கைப்பிளேட் கார்கோப் பெட்டியில் உடுப்பு, சொக்லேட், பிள்ளைகளின் சப்பாத்து இவற்றுக்குக் கீழே கிடந்து இங்கே வந்து சேர்ந்தது. பெரியப்பாவின் மகனுடைய படகில் பூட்டினோம். 40 குதிரைவலு, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிறது, கைபிடியால் திருப்புகிறது. நம்முடைய கரையில் பத்துப் படகில் ஒன்பது இப்படித்தான்.

பூட்டுவதற்கு முன் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜாக் பிளேட் கதையில் பிளேட்டை விட இதுதான் முக்கியம். நம் பைபர் படகின் பின்பலகை என்பது உள்ளே பலகை, இரண்டு பக்கமும் பைபர். பழைய போல்ட் ஓட்டைகள் வழியே தண்ணீர் உள்ளே போனால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பலகை ஊறிக் கரைந்திருக்கும். சுத்தியலின் மரப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் ‘டக்’ என்று இறுகிய சத்தம் வரும். வலது பக்கக் கீழ் மூலையில் ‘தொப்’ என்றது. அதிலே சின்னத் துளை ஒன்று போட்டோம். துளைக்கம்பியில் சுருண்டு வந்த மரத்தூள் கறுப்பாக, ஈரமாக, கசக்கினால் விரலில் ஒட்டுகிற பதத்தில் இருந்தது. புளித்த நாற்றம். மற்ற மூலையில் துளைத்தபோது வெள்ளைத் தூள் உலர்ந்து பறந்தது. அந்த மூலையை வெட்டி எடுத்து, புதுப் பலகை வைத்து, பைபர் அடித்து, காயவிட்ட பிறகுதான் பிளேட்டைத் தொட்டோம். ஏறக்குறைய 75 கிலோ எஞ்சினை 6 அங்குலம் பின்னால் தள்ளுகிறோம். அது நிற்கும்போது உள்ள பாரம் மட்டும். அலையில் விழும்போது அதே எஞ்சின் கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரிப் பலகையைப் பிடித்து இழுக்கும். ஊறின பலகையில் பிளேட் பூட்டுவது எஞ்சினைக் கடலுக்குத் தானம் பண்ணுகிற வேலை.

நம் சின்ன எஞ்சின்கள் பலகையில் கிளாம்பால் இறுக்குபவை. அமெரிக்கப் பிளேட்டின் ஓட்டைகள் பெரிய எஞ்சின்களின் பொது அளவுக்கு இருக்கும், மேலே இரண்டு ஓட்டைக்கும் இடையில் 12 அங்குலமும் எட்டில் ஏழும். கிளாம்ப் எஞ்சினை அதில் கொழுவினால் கிளாம்பு பிடிக்கப் பலகை இருக்காது. தடித்த கடற்பலகைத் துண்டு ஒன்றைப் பிளேட்டில் போல்ட் போட்டுப் பூட்டி, அதில் எஞ்சினைக் கொழுவி, கிளாம்போடு விட்டுவிடாமல் எஞ்சினையும் ஊடே போல்ட் போட்டோம். சின்ன எஞ்சின்களுக்கென்றே சில கொம்பனிகள் தனிப் பிளேட் விற்கின்றன, ஹைட்ரோலிக்கிலும் அட்லஸ் மைக்ரோ ஜாக்கர் என்று ஒன்று உண்டு. புதிதாக வாங்குகிறவர் முதலில் தன் எஞ்சினின் ஓட்டை அளவை எடுத்துக்கொண்டுதான் விலை கேட்க வேண்டும்.

போல்ட் விஷயத்தில் எரிச்சல் ஒன்று. 316 என்பது உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்குகிற ஸ்டீல் ரகம், 304 அவ்வளவு தாங்காது. கடற்சாமான் விற்கிற கடை ஒன்றில் ‘316 ஸ்டீல், காந்தம் பிடிக்காது பாருங்கோ’ என்று காட்டித் தந்தார்கள். காந்தம் பிடிக்கவில்லைதான். 304 ரக ஸ்டீலுக்கும் காந்தம் அவ்வளவாகப் பிடிக்காது, ஆகவே அந்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு சோழகக் காற்றுக்காலம் முடியும்முன்னே போல்ட் தலைகளைச் சுற்றித் தேத்தண்ணி நிறத்தில் கறை இறங்கிவிட்டது. 316 ரகத்தின் அடையாளமாகத் தலையில் ‘A4’ என்று அடித்திருக்கிற போல்டை மட்டும் இப்போது வாங்குகிறேன். இன்னொன்று, ஸ்டீல் போல்ட் அலுமினியத்தை நேரே தொட்டபடி உப்புத் தண்ணீரில் கிடந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கழியும். நைலோன் வாசரும் இடையில் பூசுகிற பசையும் போட வேண்டும். பிளேட்டில் துத்தநாகக் கட்டி ஒன்றும் பூட்டிவிடுங்கள், அலுமினியத்துக்குப் பதிலாக அது முதலில் தேயும்.

சரி, ஓட்டம். உயரம் வைக்கிற முறை எளிது. படகின் அடியில் நீளமான நேர்க்கம்பு ஒன்றைப் பிடித்துப் பின்னால் நீட்டுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக நீட்டியிருக்கிற தகடு, கவிட்டேசன் பிளேட் என்று நாங்கள் சொல்கிறது, அந்தக் கம்போடு மட்டமாக இருக்கிற இடம்தான் தொடக்கம். அங்கிருந்து அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்தி ஓடிப் பாருங்கள், போனில் ஜீபிஎஸ் வேகத்தைப் போட்டுக்கொண்டு. உயர்த்த உயர்த்த வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஒரு இடத்தில் எஞ்சின் கத்தத் தொடங்கும், வேகம் கூடாது. புரொப்பெல்லர் மேலிருந்து காற்றைக் குடிக்கிறது என்று அர்த்தம். அரை அங்குலம் இறக்கி இறுக்கிவிடுங்கள். எங்கள் படகில் அது மட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் மேலே நின்றது. வேகத்தில் பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டேன், மணிக்கு இரண்டு கிலோமீற்றர் கூடியிருக்கும். கரை ஒதுங்குகிறபோதுதான் வித்தியாசம். முன்னர் எஞ்சினைத் தூக்கிவிட்டு மரக்கோல் எடுத்த இடத்தைத் தாண்டி, பெரியப்பாவின் மகன் இப்போது மெதுவாக எஞ்சினிலேயே வந்துவிடுகிறான்.

புரொப்பெல்லரை மாற்றாமல் இதற்கு மேல் போக முடியாது. சாதாரண மூன்று இதழ் அலுமினியப் புரொப்பெல்லர் மேற்பரப்புக்குக் கிட்ட வந்தவுடன் பிடி விட்டுவிடும். ஓரம் மடித்த ஸ்டீல் புரொப்பெல்லரோ நாலு இதழோ கூட உயரத்தில் பிடித்து நிற்கும். பாஸ் போட்காரர்கள் பிளேட்டுக்குக் கொடுத்த காசுக்குக் கிட்டவே புரொப்பெல்லருக்கும் கொடுக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

தண்ணீர் குளிர்ச்சி விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். எஞ்சினின் காலில் பக்கவாட்டில் இருக்கிற சின்னத் துவாரங்களால்தான் குளிர்விக்கும் தண்ணீர் ஏறுகிறது. உயர்த்தினால் அந்தத் துவாரமும் உயரும், தண்ணீரோடு காற்றும் போகும். பின்னால் பீச்சுகிற தண்ணீர் வந்துகொண்டிருக்கிறதே என்று நம்பியிருக்கக் கூடாது. அது தண்ணீர் வருகிறது என்று மட்டும் சொல்லும், காணுமான அளவு வருகிறதா என்று சொல்லாது. தண்ணீர் அமுக்கம் காட்டுகிற மானி ஒன்று ஹைட்ரோலிக் பிளேட்டோடு கட்டாயம். மச்சான் முதலில் அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தான், நான் விடவில்லை. நம் கரையில் இன்னொரு பகையும் இருக்கிறது, சாதாளை என்கிற கடற்புல். துவாரத்தில் ஒரு இலை போய் ஒட்டினால் போதும்.

சாதாளை என்றதும் ஒரு வார்த்தை. பிளேட் பூட்டினவருக்கு ஆழமில்லாத இடத்திலும் வேகமாக ஓட ஆசை வரும். சாதாளைப் படுக்கையைப் புரொப்பெல்லர் கீறிக்கொண்டு போனால் அந்த வடு ஆண்டுக்கணக்கில் மாறாது. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் நண்டு, இறால் குஞ்சுகள் ஒதுங்குவதும் அங்கேதான். அதோடு வலை கட்ட ஊன்றிய களங்கண்டித் தடியும் நண்டு வலையும் அடுத்தவனுடையது. ஆழமில்லாத இடத்தைக் கடக்கத்தான் பிளேட், அங்கே ஓட்டப் பந்தயம் வைக்க அல்ல.

இனி ஹைட்ரோலிக். பூநகரிப் பக்கத்து ஐயா ஒருவர், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர், 60 குதிரைவலு எஞ்சினும் நடுவில் ஸ்டியரிங்கும் வைத்த படகு ஒன்று வைத்திருக்கிறார். ஆட்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போகிறார், சில நாள் இரணைதீவுப் பக்கமும் சாமான் ஏற்றிப் போவார். அவர் 5 அங்குலம் உயர்த்துகிற, பம்பு தனியான ஹைட்ரோலிக் பிளேட்டைக் கொண்டுவந்து, “தம்பி, இதைப் பூட்டித் தாங்கோ, கவனமாக” என்றார்.

இந்தப் பாதைக்கு அது பொருத்தம். 2018 இல் இரணைதீவு மக்கள் தங்கள் தீவுக்குத் திரும்பப் போனதிலிருந்து இரணைமாதாநகர்க் கரைக்கும் தீவுக்கும் இடையில் போக்குவரத்து இருக்கிறது. கரையில் முழங்கால் தண்ணீர், வெளியே போனால் ஆழமும் சோழகத்தில் அலையும், தீவுக்குக் கிட்ட மறுபடி பாறையும் ஆழமின்மையும். கையால் திருகுகிற பிளேட்டை இங்கே ஒரே உயரத்தில்தான் வைக்க முடியும். கரைக்கு ஏற்றபடி உயர்த்தி வைத்தால், வெளியே பின்னலை வந்து படகைத் தூக்கும்போது புரொப்பெல்லர் காற்றில் சுழன்று எஞ்சின் அலறும், பிடி விடும், படகு அலைக்குக் குறுக்கே திரும்பப் பார்க்கும். அலைக்கு ஏற்றபடி இறக்கி வைத்தால் கரையில் மரக்கோல்தான். ஹைட்ரோலிக்கில் ஐயா கரையில் முழுக்க உயர்த்திப் புறப்படுகிறார், ஆழம் வந்ததும் இறக்குகிறார், அலை அடங்கிய இடத்தில் ஒரு அங்குலம் உயர்த்துகிறார். சுவிட்சைத் தொட்டதும் பின்னால் ‘ம்ம்ம்’ என்று பம்பு முனகும், எஞ்சின் முழுதாக நிமிர்ந்தபடியே மேலே வரும். முதல் நாள் நானே நாலைந்து தரம் சும்மா ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதே சாமானைக் கைபிடி எஞ்சினில் கற்பனை பண்ணிப் பாருங்கள். ஒரு கையில் கைபிடி, அதிலேயே வேகம். 6 அங்குலம் பின்னால் போனதால் கைபிடியும் பின்னால் போய்விட்டது, உயர்ந்ததால் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. மற்றக் கையால் படகைப் பிடித்திருக்க வேண்டும். சுவிட்சை அமத்த மூன்றாவது கை எங்கே? கைப்பிளேட்டிலேயே பெரியப்பாவின் மகன் உட்காரும் பலகையைப் பின்னால் தள்ளிப் போட வேண்டி வந்தது. கயிறு இழுக்கிற எஞ்சினுக்குப் பற்றரியும் வேறாக வாங்கி, கரையில் சார்ஜ் பண்ணித் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். பம்பு நிறைய மின்சாரம் இழுக்கும். மோட்டார்சைக்கிள் பற்றரி தாங்காது, மெல்லிய வயர் சூடேறும். வயர் தகரம் பூசிய செம்பாக இருக்க வேண்டும், பற்றரிக்குக் கிட்ட பிரேக்கர் இருக்க வேண்டும். எஞ்சின் பின்னாலும் மேலேயும் போகிறதால் ஸ்டியரிங் கேபிள், பெற்றோல் குழாய், கியர் கேபிள் எல்லாம் முழு உயரத்திலும் இழுபடாமல் காணுமா என்று பூட்டும் முன்னரே அளக்க வேண்டும். ஐயாவின் படகில் ஸ்டியரிங் கேபிள் ஒன்றரை அடி நீளமானதாக மாற்ற வேண்டி வந்தது. அதற்கும் ஒரு செலவு.

விலை சொல்வதானால், ஹைட்ரோலிக் அமெரிக்காவிலேயே ஆயிரம் டொலரைச் சுற்றியும் அதற்கு மேலும். கைப்பிளேட் அதன் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மேலே கப்பல் கூலி, சுங்கம். அந்தக் காசுக்கு இங்கே பழைய 15 குதிரைவலு எஞ்சின் ஒன்றே கேட்டுப் பார்க்கலாம். நண்டு வலைக்குப் போகிறவருக்கு ஹைட்ரோலிக் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்டியரிங் வைத்த படகில் ஆட்களையோ சாமானையோ ஏற்றுகிறவர், கரையும் அலையும் இரண்டையும் ஒவ்வொரு நாளும் பார்க்கிறவர், அவருக்கு வாங்கச் சொல்வேன். மச்சானைப் போல ஏரியில் பாஸ் துரத்துகிறவருக்குச் சொல்லவே வேண்டாம், அவர் எப்படியும் வாங்குவார்.

பராமரிப்பில் இரண்டும் வேறு வேறு சாதி. கைப்பிளேட்டுக்கு நல்ல தண்ணீரும் கிறீஸும் ஒரு சாவியும் காணும். வழுக்குகிற இடத்தில் மணல் சேராமல் பார்த்துக்கொண்டால் அது பாட்டுக்குக் கிடக்கும், ஆனால் மாதத்துக்கு ஒரு தரமாவது உயர்த்தி இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் உப்பில் இறுகி அசையாது. ஹைட்ரோலிக்கில் கவனிக்க வேண்டியது பளபளவென்று வெளியே நீள்கிற தண்டு. அதில் உப்புக் காய்ந்து புள்ளி விழுந்தால், உள்ளே இழுக்கும் ஒவ்வொரு தரமும் அந்தப் புள்ளி சீலைச் சுரண்டும், பிறகு எண்ணெய் கசியும், எஞ்சின் தன்பாட்டில் கீழே இறங்கத் தொடங்கும். அதனால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, தண்டு முழுக்க உள்ளே போன நிலையில் படகை விட்டுப் போகச் சொல்லி ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். எண்ணெயும் கொம்பனி சொன்னதைத்தான் விட வேண்டும், கையில் கிடைத்த பிறேக் ஒயிலை ஊற்றினால் சீல் ஊதிப்போகும்.

அந்தச் சீல் செட் கிளிநொச்சியில் கிடைக்காது, யாழ்ப்பாணத்திலும் கேட்டுப் பார்த்தேன், இல்லை. ஹைட்ரோலிக் ஓடர் போடுகிறவர் அதே பெட்டியில் சீல் செட் ஒன்றும், மேலே கீழே சுவிட்சுக்கான ரிலே ஒன்றும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். தனியாகப் பிறகு எடுப்பித்தால் சாமானை விடக் கூலி கூடிவிடும்.